எதிரிப் பட்டியலில் பாக்கியத்தாய்

1914 ஜூலை 11, சனி

இந்த ஊரில் தமிழ் பேச எனக்கு ஐந்தரை வயதுப் பிள்ளை ஒன்றுதான் உண்டு. அவளும் ஏழு மணிக்குத் தூங்கிவிடுகிறாள். பேசாமல் கிடந்தால் எனக்கு வாய் நமநமக்கும். அதனால் துரைசானியிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கேட்டு வாங்கினேன். வாயால் பேச ஆளில்லாவிட்டால் கையால் பேசிக்கொள்கிறேன், யார் தடுப்பது?

பாக்கியத்தாய், பாளையங்கோட்டை, வயது முப்பத்து மூன்று, மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. பெங்களூர் தண்டில், அதாவது பட்டாளக் குடியிருப்பில், கேப்டன் ஹாலம் துரை வீட்டில் ஆயா. எல்ஸி பிறந்த பத்தாம் நாள் பால் கொடுக்கப் போனவள், இன்றுவரை அங்கேயே இருக்கிறேன். அப்போது எனக்குப் பால் இருந்தது. குடிக்கப் பிள்ளை இல்லை. அதற்கு மேல் அதில் எழுத ஒன்றுமில்லை.

துரைக்கு ஆறு மாத லீவு. துரை இங்கிலீஷ்காரர், துரைசானி ஜெர்மன்காரி. லீவில் முதலில் துரைசானியின் அப்பா வீட்டுக்கு வந்திருக்கிறோம். ரைன் என்கிற ஆற்றங்கரையில் சின்ன ஊர். ஆறா அது! தாமிரபரணியைப் போல நாலைக் கட்டிப் போட்டாலும் ஈடாகாது. அதன் மேல் இரும்புப் பாலம், பாலத்தின் மேல் ரயில். தெருக்கூட்டுகிறவன் முழுக்கால் சட்டையும் பூட்ஸும் போட்டிருக்கிறான். முதல் மூன்று நாளும் நான் வாயைத் திறந்தபடியேதான் நடந்தேன்.

ஜூலை 17, வெள்ளி

சாப்பாட்டு மேசையில் இன்று கப்பற்படை இறங்கியது.

துரைசானியின் தம்பி ஓட்டோ கப்பல் கட்டுகிற இடத்தில் எஞ்சினீயர். எல்ஸியைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறுகிற நல்ல பையன். வருகிற ஒன்றாம் தேதி அவனுக்கு நிச்சயதார்த்தம். கரண்டிகளை வரிசையாக அடுக்கி, இவை எங்கள் கப்பல்கள் என்றான். துரை முள்கரண்டிகளை அடுக்கினார். பேச்சு இங்கிலீஷில், அதனால் எனக்கும் புரிந்தது. ஜெர்மனியிடம்தான் இவ்வளவு பெரிய பட்டாளம் இருக்கிறதே, கப்பலும் எதற்கு என்று துரை கேட்டார். கடல் என்ன உங்கள் கொல்லைப்புறமா என்று ஓட்டோ கேட்டான். நீங்கள் ஒன்று கட்டினால் நாங்கள் இரண்டு கட்டுவோம் என்றார் துரை. கட்டிக்கொள்ளுங்கள், ஆனால் எங்களைச் சுற்றி வேலி போடாதீர்கள் என்றான் ஓட்டோ. எல்லாம் சிரிப்பும் விளையாட்டும்தான். கடைசியில் சூப் குடிக்க ஒருவருக்கும் கரண்டி இல்லை. நான்தான் போய் எடுத்து வந்தேன்.

பெரிய ஐயா, அதாவது துரைசானியின் அப்பா, ஒருகாலத்தில் ஜட்ஜ். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

ஜூலை 20, திங்கள்

துரைசானி படப் பத்திரிகையில் ராஜாக்களைக் காட்டினாள். கேட்டுவிட்டுத் திகைத்துப் போனேன். விக்டோரியா மகாராணிக்கு மகன் வயிற்றுப் பேரன் இங்கிலாந்து ராஜா. மகள் வயிற்றுப் பேரன் ஜெர்மன் ராஜா. ருஷ்ய ராஜாவின் அம்மாவும் இங்கிலாந்து ராஜாவின் அம்மாவும் உடன்பிறந்த அக்கா தங்கை!

“அப்போ இவுக ரெண்டு பேரும் மாமன் மகன் அத்தை மகன். அவரு சித்தி மகன், கூடப்பொறந்த தம்பி மாதிரி. ஒரே குடும்பம்லா அம்மா?” என்றேன்.

“ஆமா ஆயா. எல்லாம் ஒரே வீடு,” என்றாள். அவள் தமிழ் தண்டுச் சமையலறையில் கற்றது. போ, வா, இருக்கு, இல்லை. அதை வைத்தே ஐந்தரை வருஷமாக என்னோடு குடும்பம் நடத்துகிறாள்.

ஒரே குடும்பம் என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. எங்கள் பக்கத்தில் மாமன் மகனும் அத்தை மகனும் முறைத்துக்கொண்டால் பெண் கொடுத்து முடித்துவிடுவோம்.

ஜூலை 25, சனி

எல்ஸிக்கு இருமல். மிளகு தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்தேன். சமையல்காரி திருடே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

போன மாதம் ஆஸ்திரியா இளவரசரையும் பெண்சாதியையும் ஒரு பையன் சுட்டுவிட்டானே, அதற்கு ஆஸ்திரியா இப்போது செர்பியாவுக்கு நாற்பத்தெட்டு மணி நேரக் கெடு வைத்துக் கடிதம் கொடுத்திருக்கிறதாம். ஓட்டோ ஒவ்வொன்றாகச் சொல்ல, துரைசானி எனக்குச் சொன்னாள். செர்பியாவை அடித்தால் ருஷ்யா வரும். ருஷ்யா வந்தால் ஆஸ்திரியாவுக்காக ஜெர்மனி வரும். ஜெர்மனி வந்தால் ருஷ்யாவுக்காகப் பிரான்சு வரும். வேலித் தகராறுக்குச் சம்பந்தி வீட்டார் எல்லோரும் கம்பை எடுத்துக்கொண்டு வண்டி கட்டி வருகிற கதை. இதில் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டேன். லாபத்துக்கு இல்லை, பின்வாங்கினால் மற்றவன் கேவலமாக நினைப்பான், அவனுக்குப் பலம் கூடிவிடும் என்றான் ஓட்டோ. படித்தவன்தான் சொல்கிறான்.

பெரிய ஐயா சுவரில் பெரிய வரைபடம் ஒன்று மாட்டியிருக்கிறார். ஒரு டப்பா நிறையக் குண்டூசியும் வாங்கி வைத்திருக்கிறார்.

ஜூலை 28, செவ்வாய்

இருமல் தேவலை. ஆஸ்திரியா சண்டையை அறிவித்துவிட்டது.

ஜூலை 30, வியாழன்

துரைக்குத் தந்தி. லீவு ரத்து, உடனே லண்டனில் ஆஜராக வேண்டும். எல்லோரும் சேர்ந்தே புறப்படலாம் என்று துரை நாலு தடவை சொன்னார். துரைசானி கேட்கவில்லை. ஒரே தம்பியின் நிச்சயதார்த்தம், இன்னும் இரண்டே நாள், ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வந்துவிடுகிறோம் என்றாள். ஓட்டோவும் கெஞ்சினான். இங்கிலாந்து இதில் எதற்கு வரப்போகிறது என்றும் சொன்னான்.

ஸ்டேஷனில் துரையும் ஓட்டோவும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். துரை என் பக்கம் திரும்பி, “ஆயா, எல்ஸி பத்திரம்,” என்று தமிழில் சொன்னார். அவருக்குத் தெரிந்த தமிழே அவ்வளவுதான். ஏறிப் போனார்.

ஆகஸ்ட் 1, சனி

நடுராத்திரி ஆகிவிட்டது. ஆனால் எழுதாமல் விட மாட்டேன்.

சாயங்காலம் தோட்டத்தில் விருந்து. பெண் ஹெட்விக், நல்ல லட்சணம். மோதிரம் மாற்றிக்கொண்ட கொஞ்ச நேரத்தில் வேதக்கோவில் மணி அடித்தது. ஒரு கோவிலில் தொடங்கி ஊரில் உள்ள எல்லாக் கோவிலிலும் அடித்தது. ருஷ்யாவோடு சண்டை, பட்டாளத்துக்கு எல்லோரும் வரவேண்டும் என்று தெருவில் தமுக்கு. விருந்து அப்படியே கலைந்து சதுக்கத்துக்கு ஓடியது. எல்ஸியை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் ஓடினேன்.

அடேயப்பா, அந்தக் கூட்டத்தை எப்படிச் சொல்வேன்! ரொட்டிக்கடைக்காரன், வக்கீல், குதிரைவண்டிக்காரன், பால்காரி எல்லோரும் தோளோடு தோள். நேற்றுவரை ஒருவரை ஒருவர் ஏறெடுத்துப் பார்க்காதவர்கள் கட்டிப் பிடித்து அழுதார்கள். திடீரென்று தொப்பிகளைக் கழற்றிப் பாட ஆரம்பித்தார்கள். என்ன பாட்டு என்று நினைத்தீர்கள்? பாளையங்கோட்டைக் கோவிலில் அறுப்பின் பண்டிகைக்கு நாங்கள் பாடுகிற நன்றிப் பாட்டு! வார்த்தை வேறு, ராகம் அதே ராகம். ஆயிரக்கணக்கான குரல் ஒன்றாக எழும்பியதில் எனக்கு மயிர்க்கூச்செறிந்து கண்ணில் தண்ணீர் கொட்டியது. நானும் தமிழில் தொண்டை கிழியப் பாடினேன். பக்கத்தில் நின்ற பெண்பிள்ளை என் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

எல்ஸி என் காதில், “ஆயா, அவுக எதுக்கு அழுதுக்கிட்டே பாடுதாக?” என்றாள்.

“சந்தோசம், கண்ணு,” என்றேன்.

பொய் சொல்லவில்லை. எனக்கும் அந்த நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் எதற்காகப் பாடினேன் என்று நினைத்துப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 3, திங்கள்

நாங்கள் புறப்படவில்லை. புறப்பட முடியாது. ரயிலெல்லாம் பட்டாளத்துக்கு.

மாடி ஜன்னலிலிருந்து பாலம் தெரியும். பத்து நிமிஷத்துக்கு ஒரு ரயில். எல்ஸியும் நானும் உட்கார்ந்து எண்ணினோம். ஆள் ரயில், குதிரை ரயில், பீரங்கி ரயில், மறுபடி ஆள் ரயில். துப்பாக்கி நுனியில் பூ. ஒன்று முந்தவில்லை, ஒன்று பிந்தவில்லை. எண்பத்தாறு வரை எண்ணிவிட்டு எல்ஸி தூங்கிப் போனாள். கலியாண வீட்டில் நூறு பேருக்குப் பந்தி வைக்கவே நாம் தலைகீழாக நிற்போம். இத்தனை லட்சம் பேரை எவன் இப்படி எண்ணி ஏற்றுகிறான்?

ஓட்டோ போகும்போது கேட்டேன். சிரித்துக்கொண்டே தன் பட்டாளப் புத்தகத்தைத் திறந்து, ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினான். சண்டை வந்தால் எத்தனையாம் நாள், எந்த ஊரில் ஆஜராக வேண்டும் என்று எல்லாம் அச்சடித்திருந்தது. எப்போது கொடுத்தார்கள் என்று துரைசானியை விட்டுக் கேட்டேன். ஏப்ரலில். வருஷா வருஷம் ஏப்ரலில் புதுச் சீட்டு வருமாம்.

இளவரசரைச் சுட்டது ஜூனில். சீட்டு வந்தது ஏப்ரலில்! தாலியும் கூறைப்புடவையும் எடுத்து, பந்தலும் போட்டு வைத்துவிட்டுப் பெண் பார்த்திருக்கிறார்கள். எல்லா ராஜாவும் இப்படியே சீட்டு அடித்து வைத்திருக்கிறார்களாம். ஒருவன் வண்டியைக் கிளப்பினால் மற்றவன் சும்மா இருக்க முடியாது, பிந்தினால் தொலைந்தான். இதைச் சொல்லும்போதும் ஓட்டோ சிரித்த முகம்தான். எல்ஸிக்கு முத்தம் கொடுத்துவிட்டு, இலை உதிர்வதற்குள் வந்துவிடுவேன் என்றான்.

ஆகஸ்ட் 5, புதன்

இங்கிலாந்தும் வந்துவிட்டது. பெல்ஜியம் வழியாக ஜெர்மன் பட்டாளம் போனதால் என்கிறார்கள்.

காலையில் திருடே எனக்குக் காப்பி ஊற்றவில்லை.

ஆகஸ்ட் 7, வெள்ளி

இன்று போலீஸ் ஆபீசுக்குப் போனோம். எதிரி நாட்டார் எல்லோரும் பதிய வேண்டும். துரைசானி, நான் ஏன் வரவேண்டும், நான் இந்த ஊரில் பிறந்தவள் என்றாள். பெரிய ஐயாவே அலமாரியிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். அந்நியனைக் கட்டிய ஜெர்மன்காரி அன்றிலிருந்து அந்நிய நாட்டவள். வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தார். மகள் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறந்த வீட்டில், தான் படுத்த தொட்டில் இன்னும் கிடக்கிற வீட்டில், அவள் எதிரி! ஆபீசில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா அவளோடு ஒரே பெஞ்சில் படித்தவனாம். பெயர் என்ன என்று அவளிடம் கேட்டு எழுதினான்.

அடுத்து என்னைக் கூப்பிட்டான். எந்த ஊர்? பாளையங்கோட்டை. யார் ஆட்சி? இங்கிலீஷ் ராஜா. உடனே என் பெயரையும் எழுதினான். எதிரி எண் பதினேழு. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஜெர்மன் ராஜாவுக்குப் பயப்பட வேறு ஆளே கிடைக்கவில்லையா? குமாஸ்தா முறைத்தான். வெளியே வந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஐந்தரை வயது எல்ஸி எண் பதினாறு.

ஆகஸ்ட் 15, சனி

ரொட்டிக்கடையில் எல்ஸி இங்கிலீஷில் கேட்டுவிட்டாள். வரிசையில் நின்ற ஒருத்தி, நல்ல பட்டுத் தொப்பி போட்டவள், பிள்ளையைப் பளாரென்று அறைந்தாள். அவள் என் கைக்குச் சிக்கியிருந்தால் நடந்திருப்பதே வேறு. நாலு பேர் நடுவில் வந்துவிட்டார்கள். அவள் மகன் போன வாரம் பெல்ஜியத்தில் செத்தானாம், பிறகு தெரிந்தது.

அதற்குப் பின் எல்ஸி இங்கிலீஷ் பேசுவதில்லை. யாராவது பேசினாலும் காதைப் பொத்திக்கொள்கிறாள். தாயோடு ஜெர்மன், என்னோடு தமிழ்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

மழை. எல்ஸிக்கு முன்பல் ஒன்று ஆடுகிறது. வரைபடத்தில் ஊசிகள் பிரான்சுக்குள் இறங்கிவிட்டன.

செப்டம்பர் 13, ஞாயிறு

ஓட்டோவிடமிருந்து தபால் அட்டை, நாலாம் தேதி எழுதியது. மார்ன் என்கிற ஆற்றில் குளித்தானாம். தண்ணீர் நல்ல குளிர்ச்சி, கால் கொப்புளமெல்லாம் ஆறிவிட்டது. எதிரே இங்கிலீஷ் பட்டாளம் ஓடுகிறதாம். எல்ஸிக்கு ஒரு முத்தம். துரைசானி அதை வாசித்துவிட்டு நெடுநேரம் வரைபடத்தின் முன் நின்றாள். துரையிடமிருந்து இதுவரை ஒரு வரி இல்லை. எப்படி வரும்?

செப்டம்பர் 18, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. எதிரி நாட்டுப் பெண்களும் பிள்ளைகளும் ஹாலந்து வழியாக இங்கிலாந்து போகலாம். சண்டையில் சேராத அமெரிக்காவின் கான்சல் கொடுத்த தாளில் மூன்று பெயர்: தாய், பிள்ளை, ஆயா. புதன்கிழமை காலை ரயில்.

பெரிய ஐயா மகளை முன்னறைக்குக் கூப்பிட்டார். கதவு திறந்துதான் இருந்தது. எனக்கு ஜெர்மன் இப்போது பாதி புரிகிறது. பிள்ளை என் ரத்தம், எதிரி கையில் கொடுக்க மாட்டேன் என்றார். துரைசானி அழுதாள். கடைசியில் அவர் இறங்கி வந்து சொன்னது: பிள்ளை போவதானால் போகட்டும், நீ போகாதே, எனக்கு யாருமில்லை. போனால் இந்த வாசல் உனக்கு இல்லை.

பிறகு அவள் என்னிடம் வந்தாள். கண் இரண்டும் கோவைப்பழம்.

“ஆயா, நீ எல்ஸி கூட்டிட்டுப் போ. அங்க துரை அக்கா இருக்கு. நான் இங்க. அப்பாவுக்கு ஆள் இல்லை.”

“எத்தனை நாளைக்கும்மா?”

“சண்டை முடியறது வரைக்கும்.”

எனக்கு நெஞ்சு குதித்தது. பயத்தால்தான்.

செப்டம்பர் 21, திங்கள்

எல்ஸியின் துணிகளை மடித்து வைத்தேன். கம்பளிச் சட்டை நாலு, காலுறை ஏழு ஜோடி. ஆடுகிற பல் விழுந்தால் போட்டு வைக்க ஒரு சின்ன டப்பா. வேலை செய்துகொண்டே பாடினேனாம். எல்ஸிதான், “ஆயா, நீ பாடுத,” என்றாள். உடனே நிறுத்திவிட்டேன்.

செப்டம்பர் 23, புதன்

தண்டு ஆயாமாருக்குள் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையைத் தாய் கையிலிருந்து நம் கைக்கு வாங்க வேண்டும், திரும்பத் தாய் கையில்தான் கொடுக்க வேண்டும். தரையிலிருந்தோ கட்டிலிலிருந்தோ நாமாக எடுக்கக் கூடாது. நடுவில் என்ன நடந்தாலும் யார் பொறுப்பு என்பதில் சந்தேகம் வராது.

ஸ்டேஷனில் பெட்டியை ஏற்றிவிட்டு நான் ரயில் வாசலில் நின்றேன். பெரிய ஐயா வரவில்லை. துரைசானி எல்ஸியைத் தூக்கி என்னிடம் நீட்டினாள். பிள்ளை தாயின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. சத்தமே இல்லை. சத்தம் போட்டு அழுதிருந்தால் வாங்கியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். என் இரண்டு கையும் தானாகப் பின்னால் போய்விட்டன.

“வாங்கு ஆயா!”

“வாங்க மாட்டேம்மா.”

“ஆயா, வண்டி போகுது!”

“போவட்டும். நீங்க குடுத்து நான் வாங்குனா இது எம்பிள்ளை ஆயிரும். அப்புறம் நீங்க கேட்டாலும் நான் குடுக்க மாட்டேன். சத்தியமா குடுக்க மாட்டேன். நீங்களே தூக்கிக்கிட்டு ஏறுங்க.”

கார்டு விசில் ஊதினான். வண்டி அசைந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வை! பிள்ளையோடு இரண்டடி கூடவே நடந்தாள், மூன்றாவது அடியில் படியில் கால் வைத்துவிட்டாள். தாளில் அவள் பெயர் இருந்தது. கையில் பெட்டி இல்லை, தலையில் தொப்பி இல்லை. ஏறி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தவள் எல்லை வரும்வரை திரும்பவில்லை.

ஒரு கிழவரின் வீட்டை நான் காலியாக்கிவிட்டேன். கர்த்தர் கேட்டால் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

செப்டம்பர் 25, வெள்ளி

ஹாலந்திலிருந்து கப்பல். கடல் முழுக்கப் போர்க்கப்பல்கள், மலை மலையாக. துரையும் ஓட்டோவும் கரண்டியால் அடுக்கியது இவற்றைத்தானா! பார்க்கப் பார்க்க உடம்பு கூசியது. கப்பலில் ஒருவர் பத்திரிகை காட்டினார். ஜெர்மன் கப்பல் ஒன்று மதராசுக்கே போய் குண்டு போட்டதாம், கடற்கரையில் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தனவாம். மாமன் மகனுக்கும் அத்தை மகனுக்கும் ஆகாமல் போனதற்கு மதராஸ் என்ன செய்தது?

இறங்குதுறையில் துரையின் அக்கா மேபல் அம்மாள் நின்றிருந்தாள். கறுப்பு உடுப்பு. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. துரைசானிக்கும் தெரிந்துவிட்டது. துரை ஒன்பதாம் தேதி இறந்திருக்கிறார், மார்ன் ஆற்றங்கரையில்.

ஆற்றின் பெயரைக் கேட்டதும் துரைசானி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அப்போது பிடித்த இடம் இன்னும் கன்றியிருக்கிறது. ஓட்டோ குளித்ததும் அந்த ஆற்றில்தான்.

செப்டம்பர் 27, ஞாயிறு

மேபல் அம்மாள் கெட்டவள் இல்லை. எங்களுக்கு மாடியில் நல்ல அறைகள் கொடுத்திருக்கிறாள். ஆனால் மேசையில் சொல்லிவிட்டாள்: இந்த வீட்டில் ஜெர்மன் பேச்சு காதில் விழக்கூடாது, பிள்ளை என் தம்பியின் ரத்தம், எதிரியாக வளர்க்க விடமாட்டேன். கேட்டதும் எனக்கு ஒரு கணம் பிரமை தட்டியது. பெரிய ஐயா சொன்னதும் இதுதானே! நடுவில் கடல் இருக்கிறது, லட்சம் பேர் செத்துக் கிடக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே பேச்சு.

எல்ஸிக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. இங்கிலீஷில் பேச்செடுத்தால் காதைப் பொத்துகிறாள். மேபல் அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீயே சொல்லிவிடு ஆயா, உன் பேச்சைத்தான் கேட்கிறாள் என்றாள். சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பெற்றவள் இருக்கிறாள், அவள் சொல்லட்டும் என்று வந்தது.

மத்தியானம் துரைசானி என் அறைக்கு வந்தாள். கதவைச் சாத்திவிட்டுத் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஆயா, ஜெர்மன் பேசக் கூடாது. இங்கிலீஷ் எல்ஸி கேக்கறது இல்லை. நீ சொல்லிக் குடு. தமிழ்ல எப்படிச் சொல்றது?”

அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு சொன்னேன். “‘அப்பா செத்துப் போனாக, இனி வரமாட்டாக’ன்னு சொல்லுங்கம்மா. ஊருக்குப் போயிருக்காக, சாமிகிட்ட இருக்காகன்னு சொல்லாதீக. பிள்ளை வாசலையே பாத்துக்கிட்டு இருக்கும்.”

“அப்பா… செத்துப் போனாக.”

“இனி வரமாட்டாக.”

“இனி… வரமாட்டாக.”

பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல நாலு தடவை சொல்லிப் பார்த்தாள். நாலாவது தடவை பிழையில்லாமல் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு தோட்டத்துக்கு இறங்கிப் போனாள்.

நான் போகவில்லை. ஜன்னலுக்கும் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் எல்ஸி, “ஆயா!” என்று கூப்பிட்டாள். கட்டிலின் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். “ஆயா!” இரண்டாவது தடவை, இன்னும் சத்தமாக. நான் எழுந்திருக்கவில்லை. பிறகு, “மம்மா, மம்மா,” என்று பிள்ளை ஓங்கி அழுதது.